சீனர்களின் இடுப்பளவு: டேப்பை எங்கே வைப்பது, எத்தனை சென்டிமீட்டர் தாண்டினால் உஷாராவது

சீனாவில் பேன்ட் அளவை இன்றும் பலர் 'ச்சி' கணக்கில்தான் சொல்வார்கள். மூன்று ச்சி ஒரு மீட்டர். பத்து ட்சுன் ஒரு ச்சி. அப்படிப் பார்த்தால் 2 ச்சி 7 ட்சுன் என்பது சரியாக 90 செ.மீ. சீன ஆண்களுக்கு மருத்துவர்கள் கோடு கிழித்திருப்பதும் அங்கேதான்.

அதற்காகப் பேன்ட் அளவையே இடுப்பளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தொப்பை வந்தவர் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போட்டுக்கொள்வார். பத்து வருடமானாலும் அளவு மாறாது!

படி 1: இடத்தைக் கண்டுபிடியுங்கள்

எல்லாரும் தவறுவது இங்கேதான். தொப்புளை மறந்துவிடுங்கள், தொப்பை சரியச் சரிய அதுவும் கீழே இறங்கும். எலும்புதான் நம்பகமான அடையாளம். பக்கவாட்டில், அக்குளுக்கு நேர் கீழே விரலால் தடவிப் பாருங்கள். கடைசி விலா எலும்பு முடியும் இடத்தில் ஒரு புள்ளி, இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டுக்கும் நடுவில்தான் டேப் போக வேண்டும். மறுபக்கமும் இப்படியே.

படி 2: அளங்கள்

சட்டையைத் தூக்கிக்கொண்டு, கால்களை ஓரடி அகட்டி நில்லுங்கள். டேப் முதுகுப் பக்கம் கீழே சரியாமல் தரைக்கு இணையாக இருக்கட்டும். தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. சாதாரணமாக மூச்சை விட்டு முடித்ததும் படியுங்கள். வயிற்றை எக்கினால் ஏமாறுவது நீங்கள்தான். இரண்டு முறை அளந்து, ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த அளவு பொருந்தாது.

படி 3: ஒப்பிடுங்கள்

2013-ல் வந்த சீனத் தரநிலைப்படி ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 85 செ.மீ. தொட்டாலே வயிற்றுப் பருமன். அதற்கு முந்தைய 5 செ.மீ. எச்சரிக்கை வட்டம். அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் 102, 88-ஐ இங்கே கொண்டுவந்தால் பலர் தப்பாகத் தேறிவிடுவார்கள். ஒரே பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) உள்ள ஐரோப்பியரைவிடச் சீனர்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் சேர்கிறது. அந்தக் கொழுப்பிலிருந்து வரும் கொழுப்பமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போவதால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது.

170 செ.மீ. உயரம், 66 கிலோ எடையுள்ள ஒருவரின் பி.எம்.ஐ. 23-க்கும் கீழே, சீன வரம்பான 24-ஐத் தொடவில்லை. ஆனால் அவர் இடுப்பு 91 இருந்தால்? எடை மெஷின் அதைச் சொல்லாது.

(சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு தெற்காசியருக்குச் சொல்லும் அளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80.)

படி 4: கோட்டைத் தாண்டினால்

இடுப்பளவு நோய் அல்ல, பரிசோதனைக்குப் போகச் சொல்லும் சீட்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரை, ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு கொழுப்பு), எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) நான்கையும் பார்த்துவிடுங்கள். சீன நீரிழிவுச் சங்கத்தின் கணக்கில் சர்க்கரை 110, அழுத்தம் 130/85, டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், எச்.டி.எல். 40-க்குக் கீழ் என்பவை வரம்புகள். இடுப்பையும் சேர்த்து ஐந்தில் மூன்று மாட்டினால் அது வளர்சிதை மாற்ற நோய்க்குறி (மெட்டபாலிக் சிண்ட்ரோம்), அதாவது இந்தக் கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்து வரும் நிலை. ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போங்கள்.