வாசலுக்கு வரும் ‘மார்பின்’ மருந்துப் பெட்டி: ஹாஸ்பிஸ் மருந்தைக் கொடுக்கும் குடும்பத்துக்குச் சட்டம் தரும் துணை

பெற்றோரை அமெரிக்காவுக்கு அழைத்து வரும்போது விசா, இன்சூரன்ஸ், குளிருக்கு ஸ்வெட்டர் என்று எல்லாவற்றையும் யோசிக்கிறோம். அவர்கள் இங்கேயே கண்ணை மூடக்கூடும் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த நாள் நெருங்கும்போது மருத்துவமனையில் ‘ஹாஸ்பிஸ்’ என்ற சொல் காதில் விழும். நோயைக் குணமாக்க முயலாமல், கடைசி நாட்களில் வலியையும் தொல்லையையும் தணிக்கும் பராமரிப்பு அது. அடுத்த ஓரிரு நாளில் கூரியர்காரர் வாசலில் ஒரு சிறிய பெட்டியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். உள்ளே வலிக்கு மார்பின் திரவம், பதற்றத்துக்கு லோராசெபம், குமட்டலுக்கு ஹாலோபெரிடால், தொண்டையில் கட்டும் சளிக்கு நாக்கின் அடியில் விடும் சொட்டு மருந்து. நர்ஸ் வாரத்துக்குச் சில முறை வந்து போவார். மற்ற நேரமெல்லாம் அந்தப் பெட்டியைத் திறந்து மருந்து கொடுக்கப்போவது நீங்கள்தான்.

எங்கள் வீட்டில் அது நான். நியூஜெர்சியில் என் மாமியாருக்குக் கணையப் புற்றுநோய் முற்றியிருந்தது. பெட்டி வந்த முதல் இரவே அத்தை வலி தாங்காமல் முனகினார். பெட்டி ஃப்ரிட்ஜில் இருந்தது. நான்கு மணி நேரம் நான் அதைத் தொடவில்லை. சென்னையிலிருந்து கொழுந்தனார் போனில், “அண்ணி, அது போதை மருந்தாயிற்றே, நாளைக்கு ஏதாவது ஆனால் போலீஸ் உங்களைத்தானே கேட்கும்?” என்றார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நான்கு மணி நேரத்தை அத்தைக்கு என்னால் திருப்பித் தர முடியாது. உங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

யார் கொடுக்கலாம்

டாக்டர் எழுதித் தந்த மார்பினை வீட்டில் வைத்திருப்பதும், எழுதியபடி நோயாளிக்குக் கொடுப்பதும் குற்றமல்ல. இது முதலில் மனதில் பதிய வேண்டும். அமெரிக்காவில் மார்பின் 1970-ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் சட்டத்தின்கீழ் வருகிறது. தயாரிப்பவர், விற்கும் மருந்துக்கடை, எழுதித் தரும் டாக்டர் என எல்லாரும் கூட்டாட்சி அரசிடம் பதிவு பெற வேண்டும். ஆனால் அதே சட்டம் ‘இறுதிப் பயனர்’ என்று ஒருவரைப் பிரித்து, அவருக்குப் பதிவு தேவையில்லை என்கிறது. மருந்தை முறைப்படி பெற்று, தன் உபயோகத்துக்கோ தன் வீட்டில் வாழ்பவரின் உபயோகத்துக்கோ வைத்திருப்பவர்தான் அவர். இரத்த உறவா என்று அந்த வரி கேட்பதில்லை. ஒரே வீட்டில் வாழ்பவரா என்றுதான் கேட்கிறது. மருமகளுக்கும் அதில் இடம் உண்டு.

நர்ஸ் லைசென்ஸ் இல்லாமல் இந்த வேலையைச் செய்யலாமா என்பது அடுத்த பயம். செவிலியர் தொழிலை ஒழுங்குபடுத்துவது மாநிலச் சட்டங்கள். அவற்றில் குடும்பத்தாருக்கு விலக்கு இருக்கிறது. நியூயார்க் சட்டம் குடும்பத்தினர், உடன் வாழ்பவர், நண்பர் ஆகியோர் வீட்டில் செய்யும் பணிவிடையைத் தடுப்பதில்லை. கலிஃபோர்னியா சட்டம் உறவினரும் நண்பரும் ஊதியமின்றிச் செய்யும் பராமரிப்பை விட்டுவிடுகிறது. ‘ஊதியமின்றி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பாட்டியைப் பார்த்துக்கொள்ள நம்மவர் பலர் சம்பளத்துக்கு ஓர் அம்மாவை வைத்துக்கொள்கிறோம். அவருக்கு இந்த விலக்கு பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். பல மாநிலங்களில் சம்பளத்துக்கு வரும் உதவியாளர் மருந்து வேளையை ஞாபகப்படுத்தலாம், தன் கையால் ஊட்டக் கூடாது. யார் கொடுக்கலாம் என்பதை ஹாஸ்பிஸ் நர்ஸிடம் கேட்டு, பராமரிப்புத் திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள்.

‘வீட்டில் மருந்து கொடுப்பவர் பாதுகாப்புச் சட்டம்’ என்று ஒரே சட்டம் எதுவும் கிடையாது. பல சட்டங்களின் ஓரங்களைச் சேர்த்துத் தைத்த போர்வை இது. மருந்து எழுதியபடி கொடுக்கப்பட வேண்டும், அந்த நோயாளிக்கு மட்டுமே போக வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் போர்வை விலகிவிடும்.

கற்றுக்கொடுப்பது அவர்கள் கடமை

முதல் சந்திப்புக்கு வந்த நர்ஸ் அவசரத்தில் இருந்தார். இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அத்தைக்குப் புரிய வைக்கும்படி என் பதினொரு வயது மகளிடம் சொன்னார். பாட்டியின் சாவைப் பற்றிய வார்த்தைகளை ஒரு குழந்தை மொழிபெயர்க்க நான் விட்டிருக்கக் கூடாது. எனக்கு அப்போது தெரியாத விதிகள் இவை.

மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயது நிறைந்தவர்களுக்கான கூட்டாட்சி அரசின் மருத்துவக் காப்பீடு. அதன் அங்கீகாரம் பெற்ற ஹாஸ்பிஸ் எதுவானாலும், நோயாளியோ குடும்பமோ வீட்டில் மருந்தைப் பாதுகாப்பாகக் கொடுக்க முடியுமா என்று மதிப்பிட்டாக வேண்டும். கட்டுப்படுத்தப்பட்ட மருந்தை முதன்முதலில் எழுதும்போது, அதைக் கையாளும், அழிக்கும் முறையை எழுத்தில் தந்து, குடும்பத்துக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உங்கள் உரிமை. போன் வழியாகவாவது ஏற்பாடு செய்வார்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. கூட்டாட்சி அரசின் பணம் பெறும் மருத்துவ நிறுவனங்கள், உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர, சிறுவர்களை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் விதி. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் கேளுங்கள். அலுவலக ஆங்கிலம் வேறு, அதிகாலை இரண்டு மணிக்கு மருந்துச் சீட்டைப் படிக்கும் ஆங்கிலம் வேறு.

நர்ஸ் கிளம்பும் முன் அவர் கண்ணெதிரே சிரிஞ்சில் ஒரு முறை அளந்து காட்டுங்கள். ஹாஸ்பிஸில் தரும் செறிவான மார்பின் திரவத்தில் பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் இருக்கும். டாக்டர் 5 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் அது கால் மில்லிலிட்டர். மில்லிகிராமையும் மில்லிலிட்டரையும் மாற்றிக்கொண்டு 5 மில்லிலிட்டர் கொடுத்தால் இருபது மடங்கு. உங்கள் பாட்டிலின் செறிவு வேறாக இருக்கலாம், அதனால் லேபிளைப் பார்த்து, எத்தனை மில்லிலிட்டர் என்று நர்ஸ் கையாலேயே எழுதி வாங்குங்கள். சிரிஞ்சில் அந்தக் கோட்டின் மேல் சிவப்பு மையால் அடையாளம் இடச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. தேதி, மணி, மருந்து, அளவு, கொடுத்தவர் பெயர், ஏன் கொடுத்தோம், அரை மணி கழித்து எப்படி இருந்தது. யாராவது, என்றாவது, எதையாவது கேட்டால் பதில் சொல்லப்போவது அந்த நோட்டுதான். நர்ஸ் வரும்போதெல்லாம் பாட்டிலில் மீதியை அளந்து பார்ப்பார். சந்தேகப்படுகிறாரே என்று மனம் நோக வேண்டாம். அந்தக் கணக்கு உங்களையும் காக்கிறது. மருந்து கொட்டினாலோ காணாமல் போனாலோ அன்றே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு உறவுக் கூட்டம் வந்துபோகிற காலம் அது, பூட்டுள்ள பெட்டி தேவை. மருந்தை வேறு புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். லேபிள் ஒட்டிய பாட்டில்தான் அது சட்டப்படி வந்தது என்பதற்குச் சான்று.

கைப்பேசியில் எந்த எண்

மூச்சுத் திணறலைப் பார்த்ததும் கை 911 என்ற அவசர உதவி எண்ணைத்தான் தேடும். ஆம்புலன்ஸில் வருபவர்கள் ‘உயிர்ப்பிக்க வேண்டாம்’ என்ற செல்லுபடியாகும் மருத்துவ ஆணையைக் கண்ணால் பார்க்காவிட்டால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயல்வார்கள், அது அவர்கள் கடமை. அதனால் டாக்டர் கையெழுத்திட்ட அந்தத் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். நியூஜெர்சியில் அதற்குப் போல்ஸ்ட் என்று பெயர், நியூயார்க்கில் மோல்ஸ்ட். முதலில் அழைக்க வேண்டியது ஹாஸ்பிஸ் எண்ணை. இரவானாலும் விடுமுறையானாலும் நர்ஸ் கிடைக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பது மெடிகேர் விதி. அந்த முதல் இரவில் கடைசியாக நான் அதைத்தான் செய்தேன். மறுமுனையில் இருந்த பெண், “எழுதியதைக் கொடுங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன்” என்றார். அத்தை முக்கால் மணி நேரத்தில் தூங்கினார்.

நோயாளி பேசும் நிலையில் இருக்கும்போதே, தன் சார்பில் மருத்துவ முடிவெடுப்பவர் யார் என்று எழுதிக் கையெழுத்திட்டால் நல்லது. நம் குடும்பங்களில் மூத்த மகன் எங்கிருந்தாலும் அவர் சொல்தான் சொல். ஆனால் கடல் கடந்து போனில் ‘மருந்தை நிறுத்துங்கள்’ என்று சொல்பவரின் பேச்சுக்கு, அந்தத் தாளில் பெயர் இல்லாவிட்டால், ஹாஸ்பிஸ் கட்டுப்பட வேண்டியதில்லை.

லீவும் செலவும்

1993-ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஆண்டுக்கு 12 வாரம் வரை சம்பளமில்லா விடுப்பும் வேலைப் பாதுகாப்பும் தருகிறது. ஒரு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும், அதில் 1,250 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும், 75 மைல் சுற்றளவில் நிறுவனத்துக்கு 50 ஊழியர்கள் இருக்க வேண்டும். ஆனால் மாமனார் மாமியார் இந்தச் சட்டத்தில் ‘பெற்றோர்’ அல்ல. மருந்துச் சட்டம் மருமகளை ஏற்கிறது, விடுப்புச் சட்டம் கைவிடுகிறது. இது எனக்கு இன்றும் வருத்தம். நல்லவேளையாக நியூஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியா மாநிலங்களின் குடும்ப விடுப்புத் திட்டங்கள் மாமனார் மாமியாரையும் சேர்த்து, சம்பளத்தில் ஒரு பகுதியையும் தருகின்றன. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் பயந்துகொண்டு விடுப்பே கேட்பதில்லை. நோயுற்ற உறவினரைக் கவனிக்க ஊழியர் தானே கேட்டு எடுக்கும் விடுப்புக்குச் நிறுவனம் சம்பளம் தராதிருப்பது விதிமீறல் ஆகாது என்று விசா விதியே சொல்கிறது. எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

மெடிகேர் இருந்தால் ஹாஸ்பிஸுக்கு ஏறக்குறைய செலவில்லை. ஒரு மருந்துச் சீட்டுக்கு அதிகபட்சம் 5 டாலர். நீங்கள் களைத்துப்போனால் நோயாளியை ஒரு தடவைக்கு ஐந்து நாள் வரை வேறிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளவும் அதில் வழி உண்டு, வெட்கப்படாமல் கேளுங்கள். கிரீன் கார்டில் வந்த பெற்றோர் 65 வயது நிறைந்து, இங்கே ஐந்து வருடம் தொடர்ந்து வாழ்ந்திருந்தால் மாதக் கட்டணம் கட்டி மெடிகேர் வாங்கலாம். சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்கு அது கிடையாது. லாப நோக்கற்ற ஹாஸ்பிஸ்கள் சிலவற்றில் அறக்கொடை நிதி இருக்கும், முதல் போனிலேயே அதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

மீதி மருந்தும் கடைசி வேளையும்

அத்தை போன மூன்றாம் நாள், தெரிந்தவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஊரில் அவர் அப்பாவுக்கும் புற்றுநோய், அங்கே மார்பின் கிடைப்பது பெரும்பாடு, மீதியிருந்தால் தர முடியுமா என்று. எனக்கு அழுகை வந்தது. ஆனால் தரக் கூடாது, தரவும் இயலாது. எழுதப்பட்ட நோயாளியைத் தவிர வேறு யாருக்குக் கைமாறினாலும் இங்கே கூட்டாட்சிக் குற்றம். இந்தியாவுக்கு எடுத்துப் போனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் காத்திருக்கிறது. அவருக்குக் கொடுக்க என்னிடம் மருந்தும் இல்லை. 2018-இல் வந்த சட்டத் திருத்தம், நோயாளி இறந்த பின் ஹாஸ்பிஸ் ஊழியரே வீட்டில் வைத்து மருந்தை அழிக்க வழி செய்திருக்கிறது. நர்ஸ் மீதியை அளந்து, பூனைக் கழிவுக்கு வைக்கும் மண்ணில் கொட்டிக் குழைத்து, என் கையெழுத்தையும் வாங்கிப் போயிருந்தார். உங்கள் ஹாஸ்பிஸ் அதைச் செய்யாவிட்டால், மருந்தைத் திரும்பப் பெறும் மருந்துக்கடைப் பெட்டியில் போடலாம்.

நோட்டின் கடைசி வரி: அதிகாலை 4.10, மார்பின், கால் மில்லிலிட்டர், நாக்கின் அடியில், முகம் சுளித்ததால். அத்தை ஆறு மணிக்குப் போனார். அந்தக் கடைசி வேளைதான் கொன்றுவிட்டதோ என்ற கேள்வியோடு நான் பல மாதம் படுத்தேன். நோய்தான் கொண்டுபோனது, ஏதாவது ஒரு வேளை மருந்து கடைசி வேளையாகத்தான் இருக்கும் என்றார் நர்ஸ். 1997-இல் வாக்கோ எதிர் குவில் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இந்தக் கோட்டைக் கிழித்திருக்கிறது. வலியைத் தணிக்கும் நோக்கத்தோடு தரும் மருந்து ஒருவேளை மரணத்தை விரைவுபடுத்தினாலும், அது கொல்லும் நோக்கத்தோடு தருவதற்குச் சமமாகாது.

நோட்டு என்னிடம் இருக்கிறது. எங்கள் ஊரில் புதிதாக ஹாஸ்பிஸில் சேர்ந்த குடும்பத்தார் யாராவது கேட்டால், உள்ளே எழுதியதைக் காட்டுவதில்லை. கட்டம் போட்ட வெற்றுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறேன்.