அக்கி வலியில் தவறவிடக் கூடாத மூன்று நாட்கள்

எங்கள் புறநோயாளிப் பிரிவுக்குப் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்கள், அக்கி நோயாளிகளிடம் நான் அந்நாளில் செய்த தவறுகளையே செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கொப்புளத்தைக் கிள்ளக் கூடாது என்பது போன்ற எல்லோரும் அறிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

கொப்புளம் இல்லை என்பதற்காக நரம்பு வலியை மறந்துவிடுவது

சின்னம்மை ஆறிய பிறகும் அதன் வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தங்கியிருந்து, முதுமையிலோ எதிர்ப்பாற்றல் குறையும்போதோ ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதனால்தான் கொப்புளம் எழும்புவதற்குச் சில நாட்கள் முன்பே, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போட்டாற்போல எரிச்சலும் சுரீரென்ற குத்தலும் தொடங்கிவிடுகின்றன.

அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா இடப்பக்க மார்பு வலியென்று வந்தார். இ.சி.ஜி. சரியாக இருந்ததால், தசைப்பிடிப்பு என்று களிம்பு எழுதிக்கொடுத்து அனுப்பினேன். அவர் முதுகைப் பார்க்கவில்லை. துணி உரசினால் எரிகிறதா என்று கேட்கவில்லை. கொப்புளம் கண்டால் அன்றைக்கே வாருங்கள் என்று சொல்லவும் இல்லை. இரண்டு நாளில் கொப்புளம் எழும்பியதும் அவர் குயவரிடம் போய் அக்கி எழுதிக்கொண்டார். ஒன்பது நாள் கழித்து வந்தபோது, முதுகிலிருந்து மார்பு வரை காய்ந்து வெடித்திருந்த காவிப் பூச்சுக்கு இடையே பொருக்குகள் தெரிந்தன. ரவிக்கைத் துணியை இரு விரலால் தூக்கிப் பிடித்தபடி, மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். வலி ஓராண்டுக்கு மேல் நீடித்தது.

இத்தகைய நோயாளி வரும்போதெல்லாம் குயவரைக் குறைசொல்லும் மருத்துவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அந்த அம்மா முதலில் வந்தது என்னிடம்தான். அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. புண் விரைவில் ஆறும், தொடக்க வலியின் கடுமையும் குறையும். புண் ஆறிய பின்னும் நீடிக்கும் பிந்தைய நரம்பு வலி வரவே வராது என்று உறுதி சொல்ல முடியாவிட்டாலும், அந்த வாய்ப்பை நோயாளிக்குக் கொடுக்காமல் அனுப்புவது தவறு.

வழக்கமான வலி மாத்திரையை மட்டும் நம்புவது

நரம்பு வலிக்குப் பாராசிட்டமால் பெரும்பாலும் போதாது. காபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகளைக் குறைந்த அளவில் தொடங்கி, தலைசுற்றலையும் தள்ளாட்டத்தையும் கவனித்து, மெல்ல உயர்த்த வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம் என்பதை முதல் நாளே சொல்லாவிட்டால், நோயாளி தாமாகவே நிறுத்திவிடுவார்.

மூக்கு நுனியில் கொப்புளம்

மூக்கு நுனிக்கு வரும் நரம்பே கண்ணுக்கும் போவதால், அன்றே கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.