எதையும் தொடாமலே பிளானில் மாற்றம் காட்டுகிறதா? ப்ரொவைடரை நீங்களே திருத்தலாம்

சர்வர், நெட்வொர்க் போன்றவற்றைக் கான்ஃபிக் கோப்பில் எழுதிவைத்து கிளவுடில் உருவாக்கும் கருவி டெராஃபார்ம். என்ன மாறப் போகிறது என்று முன்கூட்டியே காட்டுவது அதன் பிளான்; அதைச் செய்துமுடிப்பது அப்ளை. எதையும் தொட்டிருக்க மாட்டோம். ஆனாலும் பிளான் ஓட்டினால் ஒரு ஃபயர்வால் விதி மாறப் போவதாகக் காட்டும். அப்ளை செய்வோம். மறுநாள் அதே வரி மறுபடியும் வந்து நிற்கும். எங்கள் குழுவில் மாதக்கணக்கில் இதைச் சகித்துக்கொண்டதில், பிளானைப் படிக்காமலே 'யெஸ்' தட்டப் பழகிவிட்டோம். ஒரு நாள் அந்த வரிக்குக் கீழே ஒரு டேட்டாபேஸ் அழிப்பும் இருந்தது. உடன் வேலை செய்பவர் கடைசி நொடியில் பார்த்துத் தடுத்தார். அன்று மாலையே ப்ரொவைடரின், அதாவது டெராஃபார்முக்காக கிளவுடோடு பேசும் துணை நிரலின், கோடைத் திறந்தேன்.

டெராஃபார்ம், அதன் கிளையான ஓப்பன்டோஃபு பக்கம் பங்களிக்க விரும்புபவர்கள் ப்ரொவைடரில் தொடங்குவதே நல்லது. அது பெரும்பாலும் கோ மொழியில் எழுதிய தனி நிரல். மையக் கருவியின் உள்ளே போகாமலே, ஒரு ரிசோர்ஸின் (ஃபயர்வால் விதி போன்ற ஒன்றின்) கோப்பை மட்டும் படித்துத் திருத்தலாம்.

முதலில் பிழையைச் சுருக்குங்கள். எங்கள் 400 வரிக் கான்ஃபிக்கை வெட்டி வெட்டி 14 வரிக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் லாக்கை டிபக் நிலையில் வைத்து ஓட்டினேன். விதியில் நாங்கள் அனுப்பிய ஐபி முகவரிகளின் வரிசை 10.0.2.0/24, 10.0.1.0/24. கிளவுடின் ஏபிஐ திருப்பித் தந்தது 10.0.1.0/24, 10.0.2.0/24. முகவரிகள் அதேதான், வரிசைதான் வேறு. ப்ரொவைடர் அதை லிஸ்ட்டாக (வரிசையும் கணக்கில் வரும் பட்டியலாக) வைத்திருந்ததால் மாற்றம் என்று எண்ணிக்கொண்டது. (லாக்கை இஷ்யூவில் ஒட்டும் முன் டோக்கன், கடவுச்சொல் எல்லாவற்றையும் நீக்குங்கள்.)

லிஸ்ட்டை செட்டாக (வரிசை பார்க்காத தொகுப்பாக) மாற்றினால் தீர்ந்தது என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். முதல் உறுப்பை எண் போட்டு எடுக்கும் கான்ஃபிக்குகள் எல்லாம் உடைந்துபோகும். செட்டில் அப்படி எடுக்க முடியாது. மெயின்டெய்னர்கள் அதை அடுத்த பெரிய பதிப்பு வரை தள்ளிவைப்பது நியாயம்தான். நான் கிளவுடின் நிலையைப் படித்துவரும் ரீட் ஃபங்ஷனில் மட்டும் கைவைத்தேன்: ஏபிஐ தந்ததும் ஸ்டேட்டில் (டெராஃபார்ம் வைத்திருக்கும் பதிவில்) இருப்பதும் அதே உறுப்புகள் என்றால் பழைய வரிசையையே வைத்துக்கொள்ளும்.

சரி, இதைச் சோதிப்பது எப்படி? ஹோம் டைரக்டரியில் இருக்கும் சிஎல்ஐ கான்ஃபிக் கோப்பில் 'டெவ் ஓவர்ரைட்ஸ்' என்ற பகுதியைச் சேர்த்து, நீங்கள் பில்டு செய்த பைனரி இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். ப்ரொவைடரை இறக்கிவைக்கும் இனிட் கட்டளை தேவையில்லை, நேராகப் பிளான் ஓட்டலாம். ஒவ்வொரு முறையும் ஓர் எச்சரிக்கை வரும். அது வர வேண்டியதுதான்.

அடுத்து அக்செப்டன்ஸ் டெஸ்ட். அப்ளைக்குப் பின் டெஸ்ட் ஃபிரேம்வொர்க் தானே ஒரு பிளான் ஓட்டி, அதில் ஏதாவது மாற்றம் இருந்தால் தோல்வி என்று சொல்லிவிடும். ஆகவே முகவரிகளைத் தலைகீழ் வரிசையில் கொடுத்தாலே நமக்குப் போதும். திருத்தம் இல்லாமல் ஒரு முறை ஓட்டித் தோற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இந்த டெஸ்ட் கிளவுடில் நிஜமான ரிசோர்ஸ்களை உருவாக்கும், காசு போகும். தனி அக்கவுண்ட்டில், பட்ஜெட் அலர்ட்டோடு ஓட்டுங்கள். பாதியில் நின்றால் மிச்சம் கிடப்பதைக் கையால் அழியுங்கள்.

அனுப்பும் முன் அந்த ரெப்போவின் பங்களிப்பு விதிகளைப் படியுங்கள். 2023 ஆகஸ்டில் டெராஃபார்ம், போட்டியாளர்களின் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு வைக்கும் பிஎஸ்எல் உரிமத்துக்கு மாறியது; அதிலிருந்து பிரிந்த ஓப்பன்டோஃபு, எம்பிஎல் 2.0 என்ற பழைய திறந்தமூல உரிமத்திலேயே தொடர்கிறது. அதனால் புதிய டெராஃபார்ம் கோடிலிருந்து எதையும் ஓப்பன்டோஃபுவுக்கு எடுத்துப் போகக் கூடாது. ஓப்பன்டோஃபுவில் ஒவ்வொரு கமிட்டிலும் சைன்-ஆஃப் வரியும் (இந்தக் கோடைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதி) வேண்டும்.

திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட்டில் அந்த 14 வரியையும், டெஸ்ட் முன்பு தோற்றதையும் இப்போது ஜெயிப்பதையும் ஒட்டினேன். ரிவ்யூ செய்தவர் கேட்டது ஒரே கேள்வி: முகவரி இரட்டிப்பாக வந்தால்? அதற்கும் ஒரு டெஸ்ட் சேர்த்த பிறகு மெர்ஜ் ஆனது.