பல வருஷம் தூங்கிய ஆர்கேட் மெஷினை எழுப்பும் முன்

கிடங்கிலோ, மூடிய கடையின் பின்கட்டிலோ கிடந்த பழைய ஆர்கேட் மெஷின், அதாவது காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் பெட்டி, உங்களிடம் வந்து சேர்ந்தால், கை முதலில் ஸ்விட்ச்சுக்குத்தான் போகும். போடாதீர்கள். 1980 வாக்கில் செய்த பவர் சப்ளையில் ஃபில்டர் கெபாசிட்டர்கள் காய்ந்து போயிருக்கும். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. போர்டில் இருக்கும் சில ஐ.சி.க்கள் இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு நிமிஷ ஆசைக்கு அவற்றைக் காவு கொடுக்க வேண்டாம்.

நான் மதுரையில் டிவி மெக்கானிக்காக இருந்தவன். சாலிடேர், டயனோரா பெட்டிகளில் கற்ற தொழில். இப்போது அமெரிக்காவில் இருக்கிறேன். வார இறுதிகளில் ஒரு சின்ன ஆர்கேட் அருங்காட்சியகத்தின் பட்டறையில் உதவுகிறேன். பிக்சர் ட்யூப் வேலை தெரிந்தவர்கள் இங்கே குறைந்துகொண்டே வருகிறார்கள். நம் ஊரில் அந்த வேலை தெரிந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்க்ரூடிரைவருக்கு முன்னால் கேமராவை எடுங்கள். நான்கு பக்கமும், பின்னால் உள்ள சீரியல் நம்பர் தகடும், காசுக் கதவின் உட்புறமும் படமாக வேண்டும். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு காகித உறை இருக்க வாய்ப்புண்டு. மெஷினோடு வந்த கையேடும் சர்க்யூட் படமும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். மெஷினை வாடகைக்கு விட்டவர் ஒட்டிய ஸ்டிக்கர், ரிப்பேர்காரர் பென்சிலில் கிறுக்கிய தேதி, எதையும் துடைக்காதீர்கள். கன்ட்ரோல் பேனலில் சிகரெட் சுட்ட தழும்புகள் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அந்த மெஷின் எந்த மாதிரிக் கடையில் நின்றது என்பதற்கு அதுதான் சாட்சி. கனெக்டர்களைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி நம்பர் போடுங்கள். டிப் ஸ்விட்ச்சுகள் (கேமின் அமைப்புகளை மாற்ற போர்டில் இருக்கும் குட்டி ஸ்விட்ச்சுகள்) எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பேட்டரி. வில்லியம்ஸ் கம்பெனியின் 1981 டிஃபெண்டர் கேமில், அதிகபட்ச ஸ்கோரை நினைவில் வைக்க மூன்று ஏ.ஏ. பேட்டரிகள் போர்டிலேயே உட்கார்ந்திருக்கும். மறந்துவிட்டால் அவை ஒழுகி, செம்புத் தடங்களைப் பச்சையாக அரித்துவிடும். உடனே எடுத்துவிடுங்கள். ஒழுகியது காரம். வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் தடவினால் நுரைத்து அடங்கும். பிறகு டிஸ்டில்டு வாட்டர், கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். புது பேட்டரியை ஒயர் இழுத்து, போர்டைத் தாண்டி வையுங்கள்.

ஆனால் எல்லா பேட்டரியையும் இப்படிப் பிடுங்கக் கூடாது. கேப்காம் கம்பெனி 1993-ல் கொண்டுவந்த சி.பி.எஸ்.-2 போர்டில், கேமைத் திறக்கும் ரகசிய எண் பேட்டரியால் உயிர்வாழும் மெமரியில் இருக்கிறது. பேட்டரி போனால் எண்ணும் போய்விடும். திரை வெறும் ஒரே நிறமாக நிற்கும். அழிந்த எண்ணை மறுபடி எழுதும் வழியை ஆர்வலர்கள் உழைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இருந்தாலும் எந்த போர்டு என்று தெரியாமல் கட்டரை எடுக்காதீர்கள்.

இனி மானிட்டர். இதில் அவசரம் கூடவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் ட்யூபின் மேல் ரப்பர் தொப்பிக்கு அடியில் சார்ஜ் தங்கியிருக்கும். 19 அங்குல கலர் மானிட்டர் ஓடும்போது அங்கே 20,000 வோல்ட் அளவில் இருக்கும். மோதிரம், வாட்ச்சைக் கழற்றுங்கள். பிடி நன்றாக இன்சுலேட் ஆன நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அதன் இரும்புத் தண்டில் க்ளிப் ஒயரை மாட்டி, ஒயரின் மறுமுனையை ட்யூபின் எர்த் பின்னல் சேரும் இரும்புச் சட்டத்தில் மாட்டுங்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியைத் தொப்பிக்கு அடியில் மெதுவாக நுழையுங்கள். ‘டப்’ என்று கேட்கலாம், கேட்காமலும் போகலாம். சில நிமிஷம் கழித்து மறுபடி செய்யுங்கள், மிச்ச சார்ஜ் திரும்ப ஏறும். இந்த வேலை பழக்கமில்லாதவர் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். தனியாக வேண்டவே வேண்டாம். ட்யூபின் கழுத்து மெல்லிய கண்ணாடி. முழங்கை பட்டு அது உடைந்தால் ட்யூப் அவ்வளவுதான்.

சார்ஜ் இறக்கிய பிறகு, மானிட்டரின் சர்க்யூட் பலகையான சேசிஸைப் பாருங்கள். எல்.ஓ.டி. (ட்யூபுக்கு உயர் வோல்டேஜ் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) காலடியிலும் கனெக்டர் பின்களைச் சுற்றியும் டிரை சால்டர் (பிடிப்பு விட்ட ஈயப் பற்று) வளையம் தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பின்னைச் சுற்றி முடிபோல ஒரு கறுப்புக் கோடு. எலக்ட்ரோஹோம் ஜி07 போன்ற சேசிஸ்களில் பாதி நோய் இதுதான். பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக வையுங்கள், எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களை மொத்தமாக மாற்றுங்கள். இந்த சேசிஸ்கள் மெயின்ஸிலிருந்து பிரிக்கப்படாதவை. மேஜையில் வைத்து ஓட்டும்போது ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

எல்.சி.டி. மாட்டிவிடலாமே என்று பலரும் சொல்வார்கள். நான் ஒப்ப மாட்டேன். 1979-ல் வந்த ஆஸ்டெராய்ட்ஸ் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் திரையில் புள்ளி வரிசைகளே கிடையாது. எலக்ட்ரான் கற்றை ஒவ்வொரு கோட்டையும் நேராக வரைகிறது. சுடும் குண்டு கண் கூசும் வெண்மையில் மின்னும். எல்.சி.டி.யில் அந்த மின்னல் வராது.

கேம் இருப்பது ஈப்ராம் என்ற மெமரி சிப்பில். அதன் கண்ணாடி ஜன்னலில் ஒட்டிய ஸ்டிக்கர் உதிர்ந்திருந்தால், வெளிச்சம் புகுந்து காலப்போக்கில் அழிக்கும். ஒளி புகாத ஸ்டிக்கரால் மூடுங்கள். சிப்பைப் படிக்கும் புரோகிராமர் கருவியில் வைத்து ஒவ்வொரு சிப்பையும் சில முறை படித்து, எல்லா நகலும் ஒன்றுபோல் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். பிறகு பழைய ஆர்கேட் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட வைக்க 1997-ல் தொடங்கிய மேம் திட்டத்தின் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் சிப் கெட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். இதுவரை யாரும் பதிவு செய்யாத வெர்ஷனாகவும் இருக்கலாம்.

கடைசியில்தான் கரண்ட். முதலில் ஃபியூஸ்களைப் பாருங்கள், யாராவது ஃபாயில் சுற்றி வைத்திருப்பார்கள். போர்டையும் மானிட்டரையும் கழற்றிவிட்டு, சப்ளைக்கு டம்மி லோடு (போர்டுக்குப் பதிலாகக் கரண்ட் இழுக்கும் ரெசிஸ்டர்) கொடுத்து அளங்கள். சரியாக வந்தால் போர்டை மாட்டி, 5 வோல்ட்டை போர்டின் மேலேயே அளங்கள். அட்டாரி கம்பெனி மெஷின்களில் எட்ஜ் கனெக்டர் (போர்டின் விளிம்பில் மாட்டும் கனெக்டர்) கருகி வோல்டேஜ் குறையும். அப்போது சப்ளையை முறுக்கி ஏற்றாமல் கனெக்டரை மாற்றுங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் தேதி எழுதிய பையில் போட்டு கேபினெட்டுக்குள்ளேயே வையுங்கள். உங்களுக்குப் பின் வருபவருக்கு அது வேண்டும்.

எல்லா மெஷினும் வீட்டில் இருக்க வேண்டியதில்லை. அட்டாரியின் அக்கா ஆர் என்ற கேம் 1982-ல் சோதனையோடு கைவிடப்பட்டது. மூன்று கேபினெட்டுகள் மட்டுமே எஞ்சியிருப்பதாகத் தெரிகிறது. 2019-ல் அதன் ரோம் (கேம் பதிந்த சிப்) நகல் வெளியே வரும்வரை, அந்த மூன்றும் எரிந்திருந்தால் கேமே உலகத்தில் இருந்திருக்காது. ஒரே ஒருவரின் பூட்டுக்குள் இருப்பதைப் பாதுகாப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அருங்காட்சியகங்களும் ஒரே மாதிரி இல்லை. 1971-ல் ஸ்டான்ஃபோர்டில் பி.டி.பி.-11 கம்ப்யூட்டரை வைத்துச் செய்த கேலக்ஸி கேம், மவுண்டன் வியூவில் உள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட மெஷினைத் தினமும் ஓட்டச் சொல்ல மாட்டேன். சான் ஃபிரான்சிஸ்கோவின் மியூசே மெக்கானிக்கில் நூறு வயது தாண்டிய மெஷின்கள்கூட இன்றும் காசு போட்டால் ஓடுகின்றன. மாஸ்கோவில் 2007-ல் தொடங்கிய சோவியத் ஆர்கேட் அருங்காட்சியகத்தில் பழைய 15 கோபெக் காசுகளைக் கையில் கொடுத்து விளையாட விடுகிறார்கள். ரோசெஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் மியூசியம் மெஷின்களோடு, செய்தவர்களின் வரைபடங்களையும் ஆவணங்களையும் சேர்க்கிறது. ஆயிரக்கணக்கில் செய்த மெஷின் விளையாடப்பட வேண்டும். விரல்விட்டு எண்ணும் அளவில் மிஞ்சியதை அபூர்வமாக மட்டும் ஓட்டி, பார்வையாளருக்கு நகலைக் கொடுக்கலாம். இது என் கட்சி.

கொடுக்க முடிவு செய்தால், மெஷினை ஏற்றிக்கொண்டு வாசலில் போய் நிற்காதீர்கள். சீரியல் நம்பர், படங்கள், யாரிடமிருந்து வந்தது, எதெதை மாற்றினீர்கள் என்ற விவரங்களை முதலில் எழுதி அனுப்புங்கள். இடம் இல்லாமல் போனால் விற்பார்களா, விற்றால் இன்னொரு அருங்காட்சியகத்துக்கு முன்னுரிமை உண்டா, ரோம் நகலைப் பொதுவில் வைப்பார்களா, ட்யூப் மாற்றத் தெரிந்தவர் யார் இருக்கிறார் என்று கேளுங்கள். பதிலைக் கொடைப் பத்திரத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பாகங்கள் போட்ட பைகளையும் உங்கள் குறிப்பு நோட்டையும் மெஷினோடு சேர்த்து அனுப்புங்கள்.