வைக்கிங் பின்னல் சங்கிலி: செம்புக் கம்பியில் நாமே செய்யலாம்

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் உள்ள பாலினபியில் 1877-ல் ஒரு வைக்கிங் (பழங்கால ஸ்காண்டிநேவியக் கடலோடிகள்) பெண்ணின் கல்லறை கிடைத்தது. அதில் ஒரு வெள்ளிச் சங்கிலி இருந்தது. பற்றவைப்பு எதுவுமின்றி, மெல்லிய கம்பியைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னியது அது. இவ்வகைப் பின்னலைத் தொல்லியலாளர்கள் ‘டிரிச்சினோபாலி’ வேலை என்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டன்வரை போன நம் திருச்சிச் சங்கிலிகளின் பெயர்தான்.

பழைய நகையைத் துலக்கிக் கழுத்தில் போட்டுக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். தேய்க்கத் தேய்க்க, அதை அணிந்தவர் விட்டுப்போன தேய்மானத் தடம்கூட அழிந்துவிடும். மீட்டெடுக்க வேண்டியது அந்தக் கைவேலையை.

தேவையானவை: 26 கேஜ் செம்புக் கம்பி, பென்சில் தடிமனில் ஒரு மரக்குச்சி, குறடு, கம்பி வெட்டி, பல அளவுகளில் துளையிட்ட மரப்பலகை.

முதலில் வீணான கம்பியில் ஐந்து வளையங்கள் வளைத்து, அடியில் முறுக்கிக் கட்டுங்கள். பூப்போல வரும். அதைக் குச்சியின் நுனியில் கவிழ்த்து, இதழ்களைச் சுற்றிலும் சமமாகப் படியவிடுங்கள்.

அடுத்து, ஒரு மீட்டர் அளவு நல்ல கம்பி. ஓர் இதழுக்குப் பின்னால் வலமிருந்து இடமாக நுழைத்து இழுங்கள். வெளியே வந்த கம்பியை முன்பக்கமாகக் குறுக்கே கொண்டுவந்து, வலப்புறம் உள்ள அடுத்த இதழுக்குப் போங்கள். ஒரு சுற்று முடிந்ததும் இதழ்களை விட்டுவிடலாம். இனி மேல்வரிசைக் கண்ணியில் இரு கம்பிகளும் குறுக்கிடும் கழுத்துக்குப் பின்னால்தான் நுழைக்க வேண்டும். இழுப்பு ஒரே சீராக இருக்கட்டும். இறுக்கினால் அடுத்த வரிசையில் கம்பி நுழையாது. கம்பி முறுக்கிக்கொண்டால் விரலாலேயே நீவிவிடுங்கள், குறடு வேண்டாம். அது பதித்த தழும்பு மறையாது.

கம்பி தீரும்போது புதியதைப் பக்கத்தில் செருகி, இரண்டு நுனிகளையும் உள்ளே மடக்கிப் பின்னலைத் தொடருங்கள்.

பின்னி முடித்ததும் குச்சியிலிருந்து உருவினால் தொளதொளவென்று, கோணல்மாணலாக இருக்கும். கவலைப்பட வேண்டாம். பலகையின் பெரிய துளையில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சிறிய துளைகள் வழியே இழுங்கள். கண்ணிகள் ஒன்றுக்குள் ஒன்று படிந்து, சங்கிலி நீண்டு, மெலிந்து, கயிறுபோல வளையும். இந்த வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது.

கடைசியில் இதழ்களை வெட்டி நீக்கி, இரு முனைகளிலும் கம்பியைக் கோத்து மூடி போட்டுக் கொக்கி மாட்டுங்கள். செம்பு கறுத்தால் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். கை பழகியபின் வெள்ளிக்கு மாறலாம். தூய வெள்ளிக் கம்பியாகக் கேட்டு வாங்குங்கள், செம்பு கலந்த வெள்ளி வளைக்க வளைக்கச் சீக்கிரம் விறைத்துவிடும்.