காண்டாக்ட் லென்ஸ்: பெட்டியில் எதைப் பார்த்து வாங்குவது?

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது என் வேலை. வருகிறவர்கள் விலை கேட்பார்கள், நிறம் கேட்பார்கள். ஆக்சிஜன் எவ்வளவு போகும் என்று கேட்பவர் அபூர்வம். நான் அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

கார்னியாவில், அதாவது கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் படலத்தில், ரத்தக் குழாய் கிடையாது. விழித்திருக்கும்போது அதற்கு வேண்டிய ஆக்சிஜன் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்து கண்ணீரில் கரைந்து போகிறது. லென்ஸ் அந்த வழியில்தான் உட்காருகிறது.

பெட்டியில் பொடி எழுத்தில் லென்ஸ் செய்த பொருளின் பெயர் இருக்கும். எட்டாஃபில்கான், பாலிமாகான் என்றால் சாதாரண ஹைட்ரோஜெல், அதாவது தண்ணீர் ஊறிய மெத்தென்ற பிளாஸ்டிக்; அதிலுள்ள தண்ணீர் வழியாகத்தான் ஆக்சிஜன் கடக்கும், கொஞ்சம்தான் கடக்கும். சீனோஃபில்கான், காம்ஃபில்கான், லோட்ராஃபில்கான் என்றால் 1999 வாக்கில் கடைக்கு வந்த சிலிகான் ஹைட்ரோஜெல். சிலிகான் ஆக்சிஜனைத் தாராளமாக விடும்.

அப்புறம் 'டிகே/டி' எண்ணைக் கேளுங்கள். லென்ஸ் வழியாக எவ்வளவு ஆக்சிஜன் கடக்கும் என்பதன் அளவு அது; எண் கூடினால் ஆக்சிஜனும் கூடும். பகலில் மட்டும் போட 24, தூங்கும்போதும் போட 87 வேண்டும் என்று 1984-இல் ஹோல்டன், மெர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 1999-இல் ஹார்விட்டும் பொனான்னோவும் அதை 35, 125 என்று உயர்த்தினார்கள். நான் பிந்தைய கணக்கைத்தான் வைத்துக்கொள்வேன். பெட்டிக்காரர்கள் சொல்வது வழக்கமாக மைனஸ் 3 பவர் லென்ஸின் நடுப்பகுதிக்கான எண். உங்களுக்கு மைனஸ் 8 என்றால் ஓரம் தடிப்பாக இருக்கும், அங்கே ஆக்சிஜன் குறையும். பிளஸ் பவருக்கு நடுவில் தடிப்பு.

கல்யாணத்துக்குக் கலர் லென்ஸ் வாங்குகிறவர்களிடம்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. முதல் நாள் ரிசப்ஷனுக்குப் போட்டதோடு படுத்து, விடிகாலை முகூர்த்தத்துக்கு அப்படியே எழுந்து வருவார்கள். கலர் லென்ஸ் பலவும் சாதாரண ஹைட்ரோஜெல். கண் மூடியிருக்கும்போது கார்னியாவுக்குக் கிடைப்பதே இமையின் உட்புற ரத்தக் குழாய் தருவது, பகலில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எவ்வளவு அசதியாக இருந்தாலும் படுக்கும் முன் கழற்றிவிடுங்கள். காலையில் எழுந்தவுடன் மாட்டாமல், குளித்து முடித்துப் புது ஜோடியை மாட்டுங்கள். மை, ஐலைனர் எல்லாம் லென்ஸுக்குப் பிறகு. மண்டபத்துக் குழாய்த் தண்ணீர் கையைக் கழுவத்தான். அந்தக் கையையும் துடைத்துக் காயவிடுங்கள், லென்ஸில் தண்ணீர் படவே கூடாது.

கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவந்தாலும், விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் தெரிந்தாலும் உடனே லென்ஸைக் கழற்றிவிடுங்கள், அன்றைக்கு மறுபடி போட வேண்டாம். வலியோ வெளிச்சத்தில் கூச்சமோ சேர்ந்தால் அன்றே கண் டாக்டரிடம் போங்கள். டிகே/டி 150 இருந்தாலும் கிருமித் தொற்று வராது என்று பொருளில்லை. கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் தூக்கிப் போடாமல் கொண்டுபோங்கள், பரிசோதனைக்கு உதவும்.