டவுன் குறுக்கு வீதியில் கதிரை போடுவது எப்படி

ஹட்டன் டவுனில் ஒரு குறுக்கு வீதியில் எனக்குத் தையல் கடை. ஞாயிறு என்றால் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் காலையிலேயே பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார்கள். அரிசி, மா, பிள்ளைக்குச் சப்பாத்து எல்லாம் வாங்கி முடிந்த பிறகு திரும்பும் பஸ்ஸுக்காக நிற்க வேண்டும். உட்காரக் கடைப்படிதான் உண்டு, அதிலிருந்தும் எழுப்பிவிடுவார்கள். ஆறு நாள் மலையில் நின்று கொழுந்தெடுத்த கால் ஏழாம் நாளும் நிற்கிறது. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீதியில் வாகனம் வராமல் மறித்து, கதிரை போட ஆரம்பித்தோம். தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் இதைச் செய்யலாம்.

முதலில் வீதி யாருடையது என்று பாருங்கள். எங்கள் மெயின் வீதி அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் ஏ7. அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, அதில் கை வைக்காதீர்கள். நகர சபைக்குச் சொந்தமான, வாகனம் சுற்றிப்போக வேறு வழியுள்ள குறுக்கு வீதி போதும். டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகும் வாகனங்கள் எங்கள் டவுனில் நிறைந்துவிடும். அவை திரும்பும் வீதியும் வேண்டாம்.

பிறகு மூன்று ஞாயிறு ஒரு கொப்பியோடு நில்லுங்கள். மணிக்கு எத்தனை வாகனம், எத்தனை பேர் நடந்தார்கள், எத்தனை பேர் பையோடு நின்றார்கள் என்று எழுதுங்கள். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் குறியுங்கள். கொழும்பில் நிழல் தேடுவார்கள். எங்கள் குளிரில் காலை பத்து மணிக்கு எல்லோரும் வெயிலைத்தான் தேடிப் போவார்கள்.

கடைக்காரர்களைக் கூட்டம் போட்டு அழைக்காதீர்கள். கூட்டத்தில் ஒருவர் “முடியாது” என்றால் மற்றவர்களும் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு கடையாக ஏறி, “முதலாளி, லொறி எத்தனை மணிக்குச் சாமான் இறக்கும்?” என்று கேளுங்கள். அவர்களுக்குள்ள பெரிய பயம் அதுதான். எட்டு மணிக்கு முன் இறக்கிவிடலாம் என்று பேசி முடித்தால் பாதி வேலை தீர்ந்தது. ஆட்டோ ஓட்டும் அண்ணன்மாரிடம் அதற்கும் முன்பே பேச வேண்டும். நாங்கள் கடைசியாகப் பேசினோம். முதல் ஞாயிறு கதிரைகளோடு போனபோது வீதி நிறைய ஆட்டோக்கள் நின்றன. அவர்கள் மேல் பிழையில்லை, அது அவர்கள் அன்றாடச் சோறு. வீதி முனையில் அவர்களுக்கு இடம் ஒதுக்கினோம். மூட்டையோடு வருபவர்கள் நேராக அவர்களிடம்தான் போகிறார்கள்.

நகர சபைக்குக் கடிதம் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், பொலிஸுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். நான்கு ஞாயிறு, காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை என்று மட்டும் கேளுங்கள். பிற்பகல் மழைக்கு முன் எடுத்துவைத்துவிடலாம். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை குறைவு, தொடங்க அதுவே நல்ல காலம். அம்புலன்ஸ் போக நடுவில் 12 அடி விட்டுவிட்டு, இரு ஓரங்களிலும் மட்டும் கதிரை போடுங்கள்.

சீமெந்து ஆசனம் கட்ட அவசரப்பட வேண்டாம். 2009 மே மாதம் நியூயோர்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வே வீதியை வாகனங்களுக்கு மூடியபோதும் முதலில் போட்டவை மலிவான மடக்குக் கதிரைகளே. மக்கள் வந்து உட்கார்ந்த பிறகு, அடுத்த வருடம்தான் அதை நிரந்தரமாக்கினார்கள். கலியாண வீட்டுக்கு வாடகைக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் கதிரை நமக்குப் போதும். வெயில் நகர நகர, மக்கள் அதையும் நகர்த்திக்கொள்வார்கள்.

மலை ஊரில் சரிவையும் தண்ணீரையும் மறக்கக் கூடாது. படிக்குப் பக்கத்தில் சாய்தளம் போட்டால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். இல்லாவிட்டால் சக்கர நாற்காலியைத் தள்ளி ஏற்ற முடியாது. மழைத்தண்ணீர் ஓடும் கானின் மேல் பலகை அடிக்காதீர்கள். குப்பை அடைத்தால் ஜூன் மழையில் தண்ணீர் கீழ்க்கடைக்குள் போகும். மலைச்சரிவின் மண்கரையை வெட்டி இடம் பெருக்க நினைத்தால், முதலில் மண்சரிவு அபாயத்தைப் பார்க்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் போங்கள். மண்சரிவு மாவட்டத்தில் அதில் விளையாட முடியாது.

கழிவறை இல்லாத இடத்தில் பெண்கள் அதிக நேரம் இருக்கமாட்டார்கள், தண்ணீர்கூடக் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கதிரை எண்ணுவதற்கு முன்பே இதைத் தேடுங்கள். எங்களுக்குப் பின்னால் உள்ள கடை முதலாளி தன் கழிவறையைத் தந்தார். கழுவும் செலவை எட்டுக் கடைகள் பகிர்ந்துகொள்கிறோம். திறப்பு என் தையல் மெஷின் லாச்சியில் இருக்கிறது. இப்போது அக்காமார் என்னிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டு போகிறார்கள்.